'ஸ்கோர்' என்றால் ஏன் இருபது?

கேள்வி இதுதான். அமெரிக்க அதிபர் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையைப் படிக்க உட்கார்ந்த ஒருவர், முதல் வரியிலேயே 'ஃபோர் ஸ்கோர் அண்டு செவன் இயர்ஸ்' என்ற இடத்தில் தடுக்கி நின்றுவிட்டார். அகராதியைப் புரட்டினால் ஸ்கோர் என்றால் இருபது என்று போட்டிருக்கிறது. அவருக்குத் தெரிந்த ஸ்கோர் கிரிக்கெட்டில் வருவது. சினிமாவில் பின்னணி இசையையும் ஸ்கோர் என்கிறார்கள். இவையெல்லாம் ஒரே சொல்லா, அல்லது ஒலி மட்டும் ஒன்றாக அமைந்துவிட்ட வேறு வேறு சொற்களா? இருபதைச் சொல்ல 'ட்வென்டி' இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

ஒரே சொல்தான். குழப்பம் எங்கே வருகிறது என்றால், அதை எண்ணுப்பெயராக நினைத்துக்கொண்டு தொடங்குகிறோம். ஸ்கோர் என்பதன் அடிப்பொருள் எண் அல்ல, வெட்டு. கத்தியாலோ கூரான வேறொன்றாலோ ஒரு பரப்பின் மேல் போடுகிற கீறல். அதை மனத்தில் வைத்துக்கொண்டால் இருபது, ரன், இசை, கடன் எல்லாம் தானாக வந்து சேரும்.

அந்தப் பழைய பொருள் இன்றும் செத்துப்போகவில்லை. மீன் வறுக்கும் முன் மசாலா உள்ளே இறங்கட்டும் என்று இரண்டு பக்கமும் கீறிவிடுகிறோம் அல்லவா, ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் அதற்கு 'ஸ்கோர்' என்றுதான் எழுதுவார்கள். பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லும் மாத்திரையின் நடுவில் ஒரு பள்ளக்கோடு இருக்கும். மருந்துத் துறையில் அதன் பெயர் ஸ்கோர் லைன். மின்னஞ்சல் முகவரி சொல்லும்போது 'அண்டர்ஸ்கோர்' என்கிறோமே, அது அடியில் இழுத்த கோடு. இந்த மூன்றிலும் எண் எதுவும் இல்லை, கோடுதான் இருக்கிறது.

சொல் எங்கிருந்து வந்தது? வைக்கிங்குகளிடமிருந்து. ஒன்பதாம் நூற்றாண்டு தொடங்கி டென்மார்க், நார்வே பகுதிகளிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'ஸ்கோர்' என்றால் வெட்டுக்குறி, பாறையில் உள்ள பிளவு. முட்டைக்கு எக், வானத்துக்கு ஸ்கை, தோலுக்கு ஸ்கின் என்று ஆங்கிலத்துக்கு அவர்கள் விட்டுப்போன சொற்கள் ஏராளம். இதில் கவனிக்க வேண்டிய ஓர் அடையாளம், தொடக்கத்தில் வரும் 'ஸ்க்' ஒலி. பழைய ஆங்கிலத்தில் அந்த ஒலி பெரும்பாலும் 'ஷ' என்று மாறிவிட்டது. நார்ஸில் மாறவில்லை. அதனால்தான் ஒரே வேரிலிருந்து பிறந்த இரண்டு உடுப்புகள் துணிக்கடையில் இரண்டு பெயரில் தொங்குகின்றன: ஆங்கில வீட்டுப் பிள்ளை ஷர்ட், நார்ஸ் வீட்டுப் பிள்ளை ஸ்கர்ட். இரண்டுக்கும் மூலப்பொருள், குட்டையாக வெட்டிய துணி. வெட்டுவதைக் குறிக்கும் அதே பழைய வேரில்தான் ஷார்ட், ஆட்டுரோமம் கத்தரிக்கும் ஷியர், பங்கு என்ற பொருளில் வரும் ஷேர் எல்லாமே முளைத்தன. ஸ்கோரும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. பங்குச் சந்தையில் ஷேர் வாங்குபவரும் மைதானத்தில் ஸ்கோர் பார்ப்பவரும் ஒரே கத்தியின் இரண்டு வெட்டுகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, வெட்டு எப்படி இருபது ஆயிற்று? ஆடு மாடு எண்ணியதில் ஆயிற்று என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். பெரிய மந்தையைப் பட்டிக்குள் விடும்போது வாயால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போவார்கள். இருபது ஆனதும் கையிலிருக்கும் குச்சியில் ஒரு வெட்டு. மறுபடி ஒன்றிலிருந்து. கடைசியில் குச்சியில் ஏழு வெட்டும் வாயில் பதின்மூன்றும் இருந்தால் 153 ஆடுகள். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நூற்றுக்கு மேல் எண்ணுப்பெயர்கள் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு வெட்டுக்கு இருபது ஆடு என்ற வழக்கம் ஊன்றியபின் வெட்டின் பெயரே அந்த இருபதுக்கும் பெயராகிவிட்டது.

பத்துக்கு ஒரு வெட்டு போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். கைவிரலும் கால்விரலும் சேர்ந்தால் இருபது என்ற பதிலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது தப்பில்லை, ஆனால் பாதிப் பதில். இருபது ஏன் மனிதர்களுக்குக் கைவந்த அளவு என்பதை அது விளக்குகிறது. 'ஸ்கோர்' என்ற சொல் ஏன் இருபதைக் குறிக்கிறது என்பதை விளக்கவில்லை. விரலுக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே கிடையாது. சொல் குச்சியிலிருந்து வந்தது.

வட இங்கிலாந்து இடையர்கள் ஆடு எண்ணப் பயன்படுத்திய தனி எண்ணுப்பெயர்கள் இங்கே நினைவுக்கு வருகின்றன. கம்பிரியா, யார்க்‌ஷர், லிங்கன்‌ஷர் பக்கங்களில் யான், டான், டெதெரா, மெதெரா, பிம்ப் என்று போகும். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பத்துக்கு டிக், பதினைந்துக்கு பம்ஃபிட், இருபதுக்கு ஃபிகிட் அல்லது ஜிகிட். அத்துடன் பட்டியல் முடிந்துவிடும். இருபத்தொன்றுக்குப் பெயரே கிடையாது, அப்புறம் மறுபடி யான்தான். வெல்ஷ் மொழியில் ஐந்தை ஏறக்குறைய 'பிம்ப்' என்றே உச்சரிக்கிறார்கள், பத்து 'டெக்', பதினைந்து 'பம்தெக்'. ஆங்கிலேயர் வருவதற்கு முன் அந்த மண்ணில் பேசப்பட்ட கெல்டிக் மொழியின் மிச்சம் இது என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, பிற்காலத்தில் வேல்ஸிலிருந்தோ ஸ்காட்லாந்திலிருந்தோ வந்து சேர்ந்தது என்கிறார்கள் வேறு சிலர். ஏனென்றால் இந்தப் பட்டியல்களை எழுதிவைத்தது பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில்தான். எப்படியானாலும், இருபதோடு நின்றுபோகும் ஓர் எண்வரிசை புழக்கத்தில் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். நம் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி, பிறகு இரண்டு, மூன்று என்று போவார்கள். வேலைக்கென்று தனியாக ஓர் எண்ணும் முறை வைத்துக்கொள்வது உழவருக்கும் இடையருக்கும் எங்கேயும் உள்ள பழக்கம்தான்.

குச்சிக் கணக்கு பட்டியோடு நின்றிருந்தால் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு பெரிய வாழ்வு வந்திருக்காது. அது அரசாங்கக் கஜானாவுக்குள் நுழைந்தது. எனக்கு இந்தக் கேள்வியில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் அரசுக் கருவூலம் பணம் வாங்கியதற்கு ரசீதாகக் கொடுத்தது மரக்குச்சி. பெயர் டாலி. பெரும்பாலும் ஹேசல் மரத்துக் குச்சி. அதன் குறுக்கே தொகைக்கு ஏற்ற வெட்டுகளைப் போடுவார்கள். பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். வெட்டுகள் இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி விழுந்திருக்கும். நீளமான பாதி பணம் கட்டியவருக்கு, அதன் பெயர் ஸ்டாக். குட்டையான பாதி கருவூலத்துக்கு, அதன் பெயர் ஃபாயில். பிற்பாடு கணக்கு முடிக்கும்போது இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். யாராவது தன் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டியிருந்தால் எதிர்ப்பாதியில் அது இருக்காது. மரத்தின் இழையும் பிளவும் பொருந்தாவிட்டால் குச்சியே போலி. இன்றைய கையெழுத்து, முத்திரை எல்லாவற்றையும்விட இது ஏமாற்றக் கடினமானது என்று எனக்குத் தோன்றும். பங்குச் சந்தையில் புழங்கும் ஸ்டாக் என்ற சொல்லுக்கும் இந்தக் குச்சிக்கும் உறவு சொல்பவர்கள் உண்டு.

எந்தத் தொகைக்கு எப்படி வெட்ட வேண்டும் என்பதற்குச் சட்டமே இருந்தது. இரண்டாம் ஹென்றியின் கருவூல அதிகாரி ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் லத்தீனில் எழுதிய கருவூல விளக்க நூலில் அதைச் சொல்லியிருக்கிறார். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு. நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம். இருபது பவுண்டுக்குச் சுண்டுவிரல் அகலம். ஒரு பவுண்டுக்கு விளைந்த பார்லி மணியின் பருமன். ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறியது. பென்னிக்கு மரம் எதுவும் கழியாமல் வெறும் கீறல். வரிசையில் இருபதுக்கு ஒரு தனி இடம் இருப்பதைப் பாருங்கள். ஆயிரம், நூறு என்று பத்துப் பத்தாக இறங்கி வந்தது, அடுத்து பத்து பவுண்டுக்கு வெட்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் இருபதில் நிற்கிறது. ஒரு பவுண்டுக்கு ஷில்லிங் எத்தனை? அதுவும் இருபது. இந்தப் பவுண்டு-ஷில்லிங் கணக்கை பிரிட்டன் 1971 வரை விடவில்லை.

குச்சியையும் எளிதில் விடவில்லை. இந்த முறையை ஒழிக்க 1782இல் சட்டம் போட்டார்கள். ஆனாலும் பதவியிலிருந்த பழைய அதிகாரிகள் போகும்வரை தொடரலாம் என்றிருந்ததால் 1826 வரை இழுத்தது. காகிதமும் அச்சும் வங்கியும் வந்து எவ்வளவோ காலம் ஆகியும் இங்கிலாந்து அரசு குச்சி வெட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் லண்டனில் நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டரில் மலையாகக் குவிந்துகிடந்த பழைய குச்சிகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. 1834 அக்டோபர் 16ஆம் தேதி, பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த கணப்பு உலைகளில் அவற்றைப் போட்டு எரித்தார்கள். காய்ந்த மரம், நாள் முழுக்க எரிந்தது. பிற்பகலில் சபையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கே தரை சுடுவது தெரிந்திருக்கிறது. மாலையில் கட்டடம் பற்றிக்கொண்டது. நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளும் சாம்பலாயின. வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் எப்படியோ தப்பியது. இன்று படங்களில் பார்க்கும், பிக் பென் கோபுரத்தோடு கூடிய நாடாளுமன்றக் கட்டடம் அந்தத் தீக்குப் பிறகு எழுந்தது. அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு அடுப்பெரிக்கக் கொடுத்திருந்தால் தொலைந்திருக்குமே என்று சார்லஸ் டிக்கன்ஸ் 1855இல் ஒரு மேடைப்பேச்சில் கிண்டலடித்தார்.

கருவூலத்தில் நடந்ததே சின்ன அளவில் சாராயக்கடையிலும் நடந்தது. கடனுக்குக் குடிப்பவர் பெயரில் கடைக்காரர் குச்சியில் வெட்டுவார், பிற்பாடு கதவிலோ பலகையிலோ சாக்கட்டியால் கோடு போடுவார். அந்தக் கோடுகளின் மொத்தம் அவருடைய ஸ்கோர், அதாவது அவர் தர வேண்டிய பாக்கி. நம் ஊரில் பால்காரம்மா வாசல் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு மாதக் கடைசியில் எண்ணி வாங்கிக்கொண்டு போவாரே, அச்சாக அதுதான். எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளையடிக்க ஆள் வந்த அன்று அம்மா முதலில் செய்த வேலை, பால்கோடுகளை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டது. தமிழில் 'வரி' என்ற சொல்லுக்குக் கோடு என்றும் பொருள், தீர்வை என்றும் பொருள். இரண்டும் ஒரே வேரா என்பது தனி வழக்கு, அதை இங்கே திறக்க வேண்டாம்.

கடன் என்ற பொருளிலிருந்துதான் 'செட்டில் த ஸ்கோர்' என்ற வழக்கு வந்தது. முதலில் அது கள்ளுக்கடைப் பாக்கியைத் தீர்ப்பது. பிறகு பகையைத் தீர்ப்பது. தமிழிலும் 'கணக்குத் தீர்க்கிறேன்' என்று ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் பணம் தருவதாக நாம் எடுத்துக்கொள்வதில்லை. 'ஆன் தட் ஸ்கோர்' என்றால் அந்த வகையில், அந்தக் கணக்கில். இன்று வங்கியில் கடன் கேட்டால் முதலில் சிபில் ஸ்கோர் பார்க்கிறார்கள். அந்த ஸ்கோர் புள்ளி என்ற பொருளில் வந்தது, கடன் என்ற பொருளில் அல்ல. ஆனாலும் சுற்றிச் சுற்றிச் சொல் பழைய கடைவாசலுக்கே வந்து நிற்கிறது.

இப்போது கிரிக்கெட். பதினெட்டாம் நூற்றாண்டு கிரிக்கெட்டில் ரன்னுக்கு இன்னொரு பெயர் 'நாட்ச்', அதாவது வெட்டுக்குறி. மைதான ஓரத்தில் கத்தியும் குச்சியுமாக உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வெட்டு போடுவார். அவருக்கு நாட்சர் என்று பெயர். ஆட்டக்காரர்வாரியான முழு ஓட்ட விவரம் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆட்டங்களில் ஒன்று, 1744இல் கென்ட் அணி இங்கிலாந்து அணியோடு ஆடியது. குச்சியில் மொத்தம்தான் தெரியும். யார் எத்தனை அடித்தார் என்று பிரித்துச் சொல்லத் தாள்தான் வேண்டும். பிற்பாடு தாளும் பென்சிலும் கத்தியை முழுக்கத் துரத்திவிட்டன. ஆனால் வெட்டின் பெயர் தங்கிவிட்டது. ஆக, கிரிக்கெட் ஸ்கோருக்கு இருபதிலிருந்து பொருள் வரவில்லை. இருபதுக்கும் ரன்னுக்கும் இடையில் நேரடி உறவு கிடையாது. இரண்டும் வெட்டின் பிள்ளைகள், அண்ணன் தம்பி. ஒன்று ஆட்டுப்பட்டிக்குப் போனது, மற்றது ஆட்டக்களத்துக்கு. பள்ளிப் பரீட்சையில் நாம் 'மார்க்' என்கிறோமே, அதற்கும் முதல் பொருள் அடையாளக்குறிதான்.

இசை ஸ்கோர் இன்னும் எளிது. மேற்கத்திய இசைக் குறிப்பில் வயலினுக்கு ஒரு வரிசை, செல்லோவுக்கு ஒரு வரிசை, குழலுக்கு ஒரு வரிசை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டியவை என்று காட்ட மேலிருந்து கீழ்வரை நெடுக்குக் கோடுகள் இழுப்பார்கள். அந்தக் கோடுதான் ஸ்கோர். கோடு போட்ட தாளுக்கு அந்தப் பெயர் வந்து, தாளிலிருந்து இசைக்கு வந்து, கடைசியில் படத்துக்குப் பின்னணி இசை அமைப்பதே ஸ்கோர் செய்வது ஆகிவிட்டது.

லிங்கனுக்கு வருவோம். 1863 நவம்பர் 19. எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் என்று சொன்னால் போதும். 1863இலிருந்து 87ஐக் கழித்தால் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 1776 வருகிறது. அந்த உரைக்கு நான்கு மாதம் முன்பு, ஜூலை 7ஆம் தேதி, உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க் வெற்றிச் செய்திகள் கேட்டு வெள்ளை மாளிகை வாசலில் கூடிய கூட்டத்திடம் முன்தயாரிப்பு இல்லாமல் பேசியபோது இதே காலத்தை அவர் 'எண்பதுச் சொச்சம் ஆண்டு' என்றுதான் சொன்னார். யோசித்து எழுதியபோது அது 'ஃபோர் ஸ்கோர் அண்டு செவன்' ஆனது. பைபிளின் நடை அது. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் தொண்ணூறாம் சங்கீதம் மனித ஆயுளை 'த்ரீஸ்கோர் இயர்ஸ் அண்டு டென்' என்று சொல்லும். மூவிருபதும் பத்தும், எழுபது. கேட்டவர்கள் காதில் அந்தச் சங்கீதம் ஊறியிருந்தது. போரில் இறந்த வீரர்களின் கல்லறை நிலத்தைத் திறந்துவைக்கப் போன இடத்தில், மனித ஆயுளை அளக்கும் அளவுகோலாலேயே ஒரு நாட்டின் ஆயுளையும் அளந்தார்.

இதில் பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. இருபது இருபதாக எண்ணும் இந்த வழக்கத்தை ஹீப்ரு மூலத்தின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். மூலத்தில் அப்படி இல்லை, எழுபது என்று நேராக ஒரே சொல்தான். தமிழ் பைபிளைத் திறந்து பாருங்கள்: 'எங்கள் ஆயுசுநாட்கள் எழுபது வருஷம்'. ஸ்கோரைக் கொண்டுவந்து சேர்த்தது ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள். அவர்கள் காலத்து ஆங்கிலத்தில் அது கவிதைச்சொல்கூட அல்ல, சந்தைச்சொல். பன்றி எடை போடுவதில்கூட இருபது பவுண்டு ஒரு ஸ்கோர். நூறு என்பதே சரக்கைப் பொறுத்து மாறிய காலம் அது. மனிதருக்கும் பணத்துக்கும் குண்டூசிக்கும் ஐந்து ஸ்கோர் சேர்ந்தால் நூறு, மற்றதற்கெல்லாம் ஆறு ஸ்கோர் சேர்ந்தால் நூறு என்று ஒரு பழைய சொலவடையே ஆங்கிலத்தில் உண்டு. நம் வைக்கிங் ஆட்களின் பழைய நார்ஸ் மொழியிலும் நூறு என்ற சொல் பெரும்பாலும் 120ஐத்தான் குறித்தது.

இருபதுக் கணக்கு ஆங்கிலேயரின் தனிச்சொத்து இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் எண்பதுக்குப் பெயர் 'நாலிருபது', தொண்ணூற்றொன்பது என்றால் 'நாலிருபது பத்தொன்பது'. பாரிஸில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி 300 பார்வையற்றோருக்காகக் கட்டிய விடுதியின் பெயரே 'கேன்ஸ் வேன்', பதினைந்திருபது. அது இன்றும் கண் மருத்துவமனையாக அதே பெயரில் நடக்கிறது. சுவிட்சர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பிரெஞ்சு பேசுபவர்கள் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொல் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். டேனிஷ் மொழி இதைவிடக் கொடுமை. ஐம்பதுக்கு அவர்கள் சொல்வதன் முழு வடிவத்தைப் பிரித்தால் 'மூன்றாவது பாதியாக இருபது', அதாவது இரண்டரை இருபது. டென்மார்க்கில் குடியேறியவர்கள் மொழி கற்கும்போது இங்கேதான் அழுவார்கள்.

இந்தியாவிலும் உண்டு. வங்காளத்தில் இருபதுக்கு 'குரி' என்று ஒரு சொல், இந்தி வட்டாரங்களில் 'கோரி'. நம் கோடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு. சந்தாலி போன்ற முண்டா மொழிகள் இருபது இருபதாகவே எண்ணுகின்றன. இந்தியக் கரைகளில் துணி வாங்க வந்த போர்ச்சுகீசியரும் ஆங்கிலேயரும் சோழமண்டலக் கரைத் துணியை எண்ணியது 'கோர்ஜ்' கணக்கில். ஒரு கோர்ஜ் என்றால் இருபது உருப்படி. அந்தச் சொல்லை அவர்கள் இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் கோர்ஜ் என்ற தலைப்பைப் பார்த்தால், அதற்குக் கொடுத்திருக்கும் ஆங்கிலப் பொருள் ஸ்கோர். தமிழோ பத்தின் மொழி. இரு, பத்து, இருபது. அவ்வளவுதான், ஒளிவுமறைவு இல்லை.

இப்போது கடைசிக் கேள்வி, ட்வென்டி இருக்க ஸ்கோர் எதற்கு? ட்வென்டி எண், ஸ்கோர் கட்டு. ஒரு டஜன் வாழைப்பழம் என்கிறோம், ஒரு கவுளி வெற்றிலை என்கிறோம், ஒரு குயர் நோட்டு என்கிறோம். பன்னிரண்டுக்கும் இருபத்துநாலுக்கும் தமிழில் பெயர் இல்லாததால் அல்ல. கைமாறும்போது சரக்கு கட்டாகத்தான் மாறும், கட்டுக்கு ஒரு பெயர் வேண்டும். (இருபது குயர் சேர்ந்தால் ஒரு ரீம். எங்கே போனாலும் இந்த இருபது விடாது.) கட்டுப்பெயர் என்பதால்தான் 'ஃபோர் ஸ்கோர்' என்று ஒருமையிலேயே நிற்கிறது. எண் முன்னால் வந்தால் 'ஸ்கோர்ஸ்' ஆகாது, 'ஃபோர் டஜன்' என்பதைப் போல.

'ஸ்கோர்ஸ் ஆஃப்' என்று பன்மையில் வந்தால் கணக்கே போய்விடும். அப்போது இருபதும் இல்லை, நாற்பதும் இல்லை. பலர், ஏராளமானவர் என்று மட்டும் பொருள். செய்தி மொழிபெயர்க்கிறவர்களுக்கு இது நிரந்தரப் பள்ளம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரயில் விபத்துச் செய்தியில் 'ஸ்கோர்ஸ் இன்ஜூர்டு' என்று தந்தி வந்தது. அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன், பெருமையாகவே எழுதினேன்: இருபது பேர் காயம். மேசைக்கு எதிரே இருந்த மூத்தவர் ஒன்றும் பேசவில்லை. தாளை வாங்கி 'இருபது பேர்' மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, மேலே 'பலர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எழுதியதன் மேல் அப்படிக் கோடு போட்டு அடிப்பதற்கும் ஆங்கிலத்தில் 'ஸ்கோர் அவுட்' என்றுதான் பெயர் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.